அண்ணன் கடித்த துரும்பு

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பல்லோடு பல் உரசுகிற சத்தம். உச்சி வெயிலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. தெருநாய்கூட நிழல் பார்த்து எங்கோ போய்விட்டிருந்தது. அந்தச் சத்தம் மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

யாரோ சாப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். உத்திரமேரூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்து வந்திருந்தேன். நல்ல பசி. நமக்கும் ஒரு தட்டு கிடைக்கும் என்ற சந்தோஷத்தில்தான் படியேறினேன்.

உள்ளறையில் அண்ணன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உட்கார வைத்திருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. முதுகுக்கு ஒரு நெல் மூட்டை, இரண்டு பக்கமும் தலையணை. கண் திறந்திருந்தது. தாடை மேலும் கீழும், கொஞ்சம் பக்கவாட்டிலும் அசைந்துகொண்டே இருந்தது. எதிரே தட்டு இல்லை. வாயிலும் ஒன்றும் இல்லை.

"அம்மா, அண்ணன் இன்னா துண்றாரு?"

"ஒண்ணும் துண்ணல கண்ணு. அப்டித்தான் சொம்மா மென்னுகினே கீறான். நீ போயி கால் கய்விக்கினு வா" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே.

அந்த அசைவை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அதே வேகம், அதே பக்கவாட்டு ஆட்டம். பார்த்த இடம் சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடம். பார்த்தது ஒரு பூனையிடம்.

பூனைப் படிப்பு

போன வாரம் இந்தப் பத்தியில் ஆய்வுக்கூடத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கே ஒரு நண்பர் போன் பண்ணி, "அதென்னங்க பூனைத் தாடையில ஆராய்ச்சி? உலகத்துல வேற விஷயமே கிடைக்கலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் அம்மாவும் கேட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் எல்லாருமே கேட்டிருக்கிறார்கள். "தணிகாசலம் தங்கச்சி மெட்ராஸ்ல பூன படிக்குது" என்பதுதான் என்னைப் பற்றிய ஊர்ச்செய்தி.

விஷயம் இவ்வளவுதான். நாம் சோற்றைக் கடிக்கிறோம். கடிக்கிற தசை கன்னத்தில் இருக்கிறது. பல்லை இறுக்கிக் கன்னத்தில் கை வைத்துப் பாருங்கள், கையை முட்டும். அந்தத் தசைக்கு உத்தரவு போடுவது மூளையின் அடித்தண்டில் இருக்கும் சில நரம்புச் செல்கள். எந்தத் தசைக்கு எந்தச் செல் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

ஒருவகைக் கார முள்ளங்கியிலிருந்து எடுக்கிற நொதி ஒன்று உண்டு. அதைத் துளித்துளியாகப் பூனையின் தாடைத் தசைக்குள் செலுத்துவோம். நரம்பின் நுனி அதை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியது நரம்பு வழியாகவே மேலே ஏறி, அந்த நரம்பு எந்தச் செல்லிலிருந்து கிளம்பியதோ அங்கே போய்த் தங்கிவிடும். வாய்க்காலில் கரைத்த சாயம் தண்ணீருக்கு எதிராக ஏறிப்போய் மதகைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி. பிறகு அந்த மூளைத்தண்டை மெல்லிய சீவல்களாகச் சீவி, ரசாயனத்தில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தச் செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். முதல்முறை பார்த்தபோது, இருட்டில் யாரோ என்னைத் திரும்பிப் பார்த்தது போல இருந்தது. இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

தாடையில் இன்னொரு விசித்திரம் உண்டு. தசை எவ்வளவு இழுபடுகிறது என்று மூளைக்குச் சேதி கொண்டுபோகிற செல்கள் உடம்பில் மற்ற இடங்களுக்கெல்லாம் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியேதான் இருக்கும். தாடைக்குச் சேதி சொல்கிற செல்கள் மட்டும் மூளைக்குள்ளேயே போய்க் குடியிருக்கின்றன. அங்கிருந்து நேராகக் கடிக்கிற செல்லைத் தொட்டுப் பேசிவிடுகின்றன. மேலே யாரையும் கேட்பதில்லை. ஏன் இப்படி என்று எங்கள் பேராசிரியரைக் கேட்டேன். "அவசரம்மா, வாய்க்கு எப்பவுமே அவசரம்" என்று சிரித்தார்.

பக்கத்து அறையில் வேறு சோதனை நடந்தது, அங்கேயும் கூடமாட வேலைக்கு நான் போவேன். பூனையை மயக்கத்தில் வைத்து, மேல்மூளையை அடித்தண்டிலிருந்து பிரித்துவிடுவார்கள். ஆசை, பயம், ஞாபகம் எல்லாம் மேல்மூளையில். பிரித்துவிட்ட பிறகு அந்தப் பூனைக்குத் தான் ஒரு பூனை என்பதே தெரியாது. மூச்சு மட்டும் ஓடும். அதன் உதட்டோரத்தை ஈரப் பஞ்சால் தடவினால் வாய் திறக்கும். பஞ்சை உள்ளே வைத்தால் மெல்லும். எடுத்துவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருக்கும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகப் போய்விட்டது. "பசிக்குதா சார் அதுக்கு?" என்று கேட்டேன்.

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கும்மா?" என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்கு ரொம்ப நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

கிணறு

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு எனக்கு எல்லாம் அவர்தான். என்னைக் காலேஜுக்கு அனுப்புகிற பேச்சு வந்தபோது பெரியப்பா, "பொட்டப்புள்ளக்கி இன்னாத்துக்குடா படிப்பு? நாளைக்கி வரவன் ஏன்னு கேக்க மாட்டானா?" என்று குதித்தார். அண்ணன் வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டபடியே, "கேக்காதவனுக்குக் குடுத்துட்டா போச்சு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. வாலாஜாபாத் சந்தைக்குப் போனால் போகும்போது ஒரு படி கடலை, வரும்போது ஒரு படி கடலை. பஸ்ஸில் அவர் உட்கார்ந்த இடம் கடலைத் தோலை வைத்தே தெரியும் என்பார்கள்.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அந்தக் கோடையில் கிணற்றுத் தண்ணீர் ரொம்பக் கீழே போய்விட்டது. பம்ப்செட் இழுக்கவில்லை. குழாயின் அடி வால்வில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அண்ணன் கயிறு பிடித்து இறங்கினார். பாசி வழுக்கிவிட்டது. பக்கத்துக் கொல்லையில் களையெடுத்தவர்கள் வந்து பார்த்தபோது தண்ணீர்தான் தெரிந்தது. எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது.

மேலே தூக்கிப்போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்தார்கள். மூச்சு வந்துவிட்டது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்திருந்தார்கள். மூளைக்குக் காற்று போகாமல் இருந்துவிட்டது, இனிமேல் இவ்வளவுதான், வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கூட்டி வந்தார்கள். அதற்கப்புறம் நான் ஊருக்குப் போன முதல் தடவைதான் அந்த மெல்லுகிற சத்தத்தைக் கேட்டது. விடிந்தால் கண் திறப்பார். இருட்டினால் மூடிக்கொள்வார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கையில் கடலையை வைத்தால் அது உருண்டு கீழே விழும். தாடை மட்டும் மெல்லும்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அண்ணி பேர் மல்லிகா. திருமுக்கூடல் பெண். என்னைவிடச் சின்னவள். வந்த முதல் வாரமே எனக்குப் "பூனக்காரி" என்று பேர் வைத்தாள். நான் ஊருக்குப் போனால் மோர்ப்பானையை மூடி, "எங்க வூட்ல பூன வந்துக்குது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். அப்படிப்பட்ட வாயாடி.

மேலே வந்தது வேறே

ஊர் வேறு ஒன்று பேச ஆரம்பித்தது. முதலில் குசுகுசுவென்று, பிறகு என் காதுபடவே.

"கெணத்துல வுயுந்தது தணிகாசலம். மேல வந்தது வேற" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "அது ரொம்ப காலமா பசியோட அடில கெடந்துது. இப்ப அதுக்கு வாய் கெடச்சிக்கிச்சு. துண்ணுது."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல் எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. பால்காரர் செம்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். குழந்தைகளைக் கூப்பிட்டால் ஓடின. ஒருநாள் காலையில் வாசல்படியில் ஒரு இலை நிறையச் சோறும், அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தது. அது அண்ணனுக்கு வைத்தது இல்லை. அவருக்குள் இருப்பதற்கு வைத்தது.

நான் படித்தவள் இல்லையா, சிரித்தேன். இரண்டு நாள் கழித்துச் சிரிப்பு வரவில்லை. கிணறு, பேய் என்கிற பேச்சை எடுத்துப் போட்டுவிட்டால் எதிர்வீட்டுக்காரி சொல்வதும் நான் நினைப்பதும் ஒன்றாகத்தான் இருந்தது. சாப்பிடுவது தணிகாசலம் இல்லை.

அண்ணி மட்டும் இரண்டு கட்சியிலும் இல்லை. அவளைப் பொறுத்தவரை உள்ளே அவர் இருந்தார்.

பருப்பும் சோறும் கையாலேயே குழைய மசித்து, நெய் விட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். "ஆ காட்டு மாமா. தா பாரு, பூனக்காரி வந்துகிறா, அவ புடுங்கித் துண்ணுடுவா. சீக்கிரம்." சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் அவர் உதட்டோரத்தைத் துடைப்பாள். வாய் திறக்கும். உருண்டையை வைப்பாள். மெல்லும். தொண்டை இறங்கும்.

"பாத்தியா?" என்பாள் என்னிடம். "எனக்கு மட்டுந்தான் தொறக்கறாரு. அத்த குடுத்தா பல்ல கட்டிக்கிறாரு. கோவம் பாரேன், பெத்தவகிட்டயே."

அம்மா ஊட்டுவதையும் பார்த்தேன். அம்மா கரண்டியால் ஊட்டுவாள். கரண்டி பல்லில் பட்டதும் தாடை இறுகிவிடும். பூனைக்கும் இரும்பு பட்டால் இறுகும். உதட்டோரத்தை ஈரமாகத் தடவினால்தான் திறக்கும். அண்ணியின் கட்டைவிரல் எங்கே படுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாய் திறப்பதை வைத்துக்கொண்டுதான் அவள் அந்த வருஷத்தையே தள்ளிக்கொண்டிருந்தாள்.

துரும்பு

அடுத்த கோடை வருவதற்குள் அண்ணியின் அண்ணன் ஏழுமலை வந்துவிட்டார். நல்ல மனுஷன். உரக்கப் பேசத் தெரியாதவர். பெரியப்பா முன்னால் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "எந்தங்கச்சிக்கு இருவத்திரண்டு வயசு மாமா. ஒரு கொயந்த குட்டி இருந்தாலும் பரவால்ல. நான் இட்டுக்கினு போறேன். நம்மவங்கள்ல மறுகட்டு உண்டுன்றது ஒங்களுக்கும் தெரியும்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பெரியப்பாவும் கல்மனசுக்காரர் இல்லை. ஆனால் அவருக்கு முறை முக்கியம். "எப்டிப்பா அனுப்பறது? அவன் பூட்டான்னா நீ கோடிப் பொடவ போட்டு இட்டுக்கினு போ, யாரு கேக்கப் போறா? ஆளு உசுரோட கீறானே. தாலியோட போயி இன்னொரு தாலி கட்டிக்குமா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைத் தீர்த்து விடுவதற்கு ஒரு வழி உண்டு. பெரியவர்கள் நாலு பேர் எதிரே புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் போட வேண்டும். அவ்வளவுதான். போட்டுவிட்டால் அவள் யாரோ, இவன் யாரோ. ஆனால் புருஷன்தான் கிள்ள வேண்டும். அவனுக்காக வேறு யாரும் கிள்ள முடியாது.

"அவன் கைதான் வெளங்கலியே" என்றாள் அம்மா.

உள்ளறையிலிருந்து பல் அரைபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பினார்.

"கைதான வெளங்கல. வாய் வெளங்குதே" என்றார்.

யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஏழுமலைக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை. கையால் கிள்ளினால் என்ன, பல்லால் கிள்ளினால் என்ன, துரும்பு இரண்டாக வேண்டும், அவன் செய்ததாக இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவு செய்தார்கள். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். சனிக்கிழமையே வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அண்ணி போய்விட வேண்டும் என்றுதான் ஆசை. அந்த அறையில் அவள் மெலிந்துகொண்டே வந்தாள். என்னை வைத்துக் கிண்டல் பண்ணுவதுகூடக் குறைந்துவிட்டது. அண்ணன் எங்கே இருந்தாலும், அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடுப்படியில் அவளைக் கேட்டேன். "நீங்க இன்னா சொல்றீங்க அண்ணி? ஒங்களுக்குப் போவணுமா?"

"என்ன எதுக்குக் கேக்கற? அவரத்தான கேக்கப் போறாங்க." அவள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தெம்பு இருந்தது. "நல்லதுதான் வசந்தா. இத்தினி நாளா எல்லாரும் அவரு இல்ல இல்லன்னு என்ன பேஜார் பண்ணிக்கினு இருந்தாங்க. இன்னைக்கி நாலு பேரு எதுர்ல அவரையே கேக்கப் போறாங்க. மாமா துப்பிடுவாரு. நீ வேணா பாரேன். துரும்ப வாயில வெச்சா து-ன்னு துப்பிடுவாரு."

அவர் துப்ப மாட்டார். துப்புவதற்கு மேலே ஆள் வேண்டும். கடிப்பதற்கு வேண்டாம்.

முற்றம்

அண்ணனை நாற்காலியோடு தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். அண்ணி அவருக்கு முகம் துடைத்து, எண்ணெய் வைத்து வகிடெடுத்து, கல்யாணத்துச் சட்டையைப் போட்டிருந்தாள். சட்டைக்குள் தோள் இல்லாதது போலத் தொங்கியது. வெயில் நேராகக் கண்ணில் பட்டும் அவர் இமை சிமிட்டியது தவிர வேறு எதுவும் செய்யவில்லை. கோழிகள் அவர் கால் மேல் ஏறிப் போயின. தெருப்பக்கம் ஜனம் நின்றது, ஆனால் யாரும் வாசல்படி தாண்டி உள்ளே வரவில்லை.

பெரியப்பா வைக்கோல் போரிலிருந்து ஒரு துரும்பை உருவி, தூசி தட்டி, சூரியனைக் கும்பிட்டார். "தணிகாசலம், ஒம் பொண்டாட்டிய தீத்து வுடறியாடா?" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு துரும்பை அண்ணன் வாய்ப்பக்கம் கொண்டுபோனார். துரும்பின் நுனி உதட்டோரத்தில் உரசியது.

வாய் திறந்தது.

அண்ணி முன்னால் ஒரு அடி வந்தாள். "துப்பு மாமா" என்றாள், மெதுவாக.

பல் மூடியது. துரும்பு நறுக்கென்று முறிந்து, ஒரு பாதி அவர் மடியில் விழுந்தது. வாயில் தங்கிய பாதியைத் தாடை மென்றுகொண்டே இருந்தது. முறிகிற சத்தம்கூட எனக்குத் தாங்கிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பாதியை நிதானமாக அரைக்கிற சத்தம்தான் தாங்கவில்லை. தெருவில் நின்றவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

"ஆச்சு" என்றார் பெரியப்பா.

ஏழுமலை மடியில் விழுந்த துண்டை எடுத்துத் தங்கச்சி கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"துப்பலியே மாமா" என்றாள். "மெய்யாலுமே என்ன போவ சொல்றியா? நான் இன்னா கொற வெச்சேன் ஒனக்கு?"

ஐயோ, அந்த முகம். அவர் செத்திருந்தால்கூட அவள் முகம் அப்படிப் போயிருக்காது. ஊர் எதிரே புருஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று அவள் நம்பிவிட்டாள். இந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு இவள் இன்னொரு வீட்டுக்கு எப்படிப் போவாள்? எனக்கு முன்பின் யோசிக்கிற குணம் கிடையாது. அம்மா சொல்வது போல, வாய்க்குத் தாழ்ப்பாள் இல்லாத ஜென்மம்.

"அது அண்ணன் கடிச்சது இல்ல அண்ணி!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் அண்ணன் எதிரே போய் நின்றேன். கட்டைவிரலை நனைத்து அவர் உதட்டோரத்தைத் தடவினேன். வாய் திறந்தது. என் முந்தானையை முடிச்சுப் போட்டு உள்ளே வைத்தேன். மென்றது. உருவினேன். மறுபடி தடவினேன். மறுபடி திறந்தது. "பாத்துக்கங்க. துணி வெச்சாலும் கடிக்கும். கட்ட வெச்சாலும் கடிக்கும். அங்க பூனைங்களும் இப்டித்தான். இது கேட்டுட்டுச் சொல்ற பதில் இல்ல. வாய்தான் மெல்லுது. அண்ணன் ஒங்கள வேணாம்னு சொல்லல."

"அப்ப ஆளு?" என்றார் பெரியப்பா. "ஆளு கீறானா, இல்லியா? அத்த சொல்லு."

நான் அண்ணன் கண்ணைப் பார்த்தேன். அது என்னைத் தாண்டி எங்கோ இருந்தது.

"இல்ல" என்றேன்.

"நாக்கு அயுகிப் பூடும்டி ஒனக்கு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி அழவில்லை. என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெக்கற மாதிரியே வெச்சியே வெரல" என்றாள். "அப்ப நான் ஊட்டறசொல்ல தொறக்கறதும் இதானா?"

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அவள்தான் பார்த்துவிட்டாளே.

வாசல்

அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. துரும்பு செல்லாது என்று ஆகிவிட்டது. ஆனால் ஆளே இல்லை என்று வீட்டுப் பெண்ணே சொன்ன பிறகு துரும்பு எதற்கு என்று பெரியப்பா கையை விரித்துவிட்டார். ஏழுமலை "எய்ந்துரு தங்கச்சி" என்றார். அண்ணி பேசாமல் உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா அவள் காலைப் பிடிக்காத குறை. அண்ணி குனிந்து அம்மாவைத் தொட்டுக் கும்பிட்டாள். அண்ணன் பக்கம் பார்க்கவில்லை. வாசல் வரைக்கும் நான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். போகட்டும், பிழைக்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

தெருவில் இறங்கியவள் நின்றாள்.

"வசந்தா, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பூனைங்கள அப்பறம் இன்னா பண்ணுவீங்க?"

"எந்தப் பூன?"

"ஆளு இல்லாத பூனைங்க. வாய் மட்டும் மெல்லுதே, அதுங்கள."

பொய் சொல்லியிருக்கலாம்.

"வேல முடிஞ்சதும் ஊசி போட்டுடுவோம்."

"யாரு போடுவா?"

"நாந்தான் போடுவேன் அண்ணி. அதுக்கு வலிக்காது."

"வலிக்கறதுக்குத்தான் ஆளே இல்லன்னியே."

அண்ணனும் பூனையும் எனக்கு ஒன்று இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முற்றத்தில் ஊர் எதிரே இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியதே நான்தான்.

அவள் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். "அண்ணே, நீ போ. நான் வரல" என்றாள் ஏழுமலையிடம். அவர் எவ்வளவோ கெஞ்சினார். அவள் காதில் வாங்கவே இல்லை. உள்ளே போனாள். அண்ணன் வாயில் விரல் விட்டு, இன்னும் அரைபட்டுக்கொண்டிருந்த துரும்பை எடுத்து எறிந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு நாற்காலியை இரண்டு பேருமாக உள்ளறைக்குத் தூக்கிப் போனார்கள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "நீ வேணாம்" என்றாள்.

அண்ணன் அதன் பிறகு சில வருஷம் இருந்தார். அவர் இருக்கிறாரா என்ற பேச்சை அண்ணி திரும்ப எடுக்கவே இல்லை. "ஆ காட்டு மாமா" என்று கொஞ்சுவதையும் விட்டுவிட்டாள். பேசாமல் விரலை வைப்பாள், வாய் திறக்கும், ஊட்டுவாள். பிற்பாடு ஒரு பனிக்காலத்தில் காய்ச்சல் கண்டு, மெல்லுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நின்றுபோனது. ஏழுமலை கோடிப் புடவை கொண்டுவந்தார்.

அந்த வருஷங்களில் நான் எத்தனையோ தடவை ஊருக்குப் போனேன். அண்ணி என்னோடு சண்டை போட்டதில்லை. எனக்குப் பிடித்த வற்றல் குழம்பு வைப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவாள், என் படிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்றுகூட விசாரிப்பாள். ஆனால் நான் வீட்டில் இருக்கிற வரைக்கும், கொல்லைக்குத் தண்ணீர் எடுக்கப் போவதானால்கூட, அம்மாவையோ தெருவில் போகிற யாரையோ கெஞ்சிக் கூப்பிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்து போவாள்.